சார்ஜ் நிற்கமாட்டேன் என்கிறதா? கரிசல்காட்டுப் போனுக்குச் சில குறிப்புகள்

குருவிகுளத்திலும் சுற்றுப்பட்டிகளிலும் போன் வைத்திருப்பவர்களிடம் கேட்டால் புகார் ஒன்றுதான்: "சார்ஜ் நிக்க மாட்டேங்குது." காலையில் நூறு இருந்தது, மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது முப்பதுக்கு வந்துவிட்டது என்பார்கள். பழி வழக்கமாகப் பிள்ளைகள் விளையாடும் கேம் மீது விழும். கேமும் ஒரு காரணம்தான். ஆனால் இந்தக் கரிசல்காட்டில் பேட்டரியை முடித்துவைப்பதில் முதல் இடம் வெயிலுக்கு, இரண்டாம் இடம் எட்டாத டவருக்கு. ஏசி அறையில் உட்கார்ந்து எழுதப்படும் குறிப்புகளில் இந்த இரண்டும் கடைசியில் ஆளுக்கொரு வரியாக வரும். இங்கே வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

ஒன்றை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். இன்றைய சார்ஜ் இரவு வரை வருமா என்பது ஒரு கேள்வி. பேட்டரி எத்தனை வருஷம் உழைக்கும் என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு நல்லது இரண்டாவதற்கு ஆகாமல் போகலாம். நூறு வரை ஏற்றினால் இன்று தாராளமாக ஓடும். வருஷம் முழுக்க அப்படியே ஏற்றினால் பேட்டரி சீக்கிரம் தளரும். கீழே உள்ள குறிப்புகளில் இரண்டும் கலந்தே வருகின்றன.

1. போனை வெயிலில் வைக்காதீர்கள். எல்லாரும் சொல்வதுதான், ஆனால் ஏன் என்று சொல்வதில்லை. போனுக்குள் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. இதை உருவாக்கிய குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. உள்ளே நடப்பது வேதிவினை. சூடு ஏற ஏற வேண்டாத வினைகளும் வேகம் பிடிக்கும். அதில் இழந்த கொள்ளளவு மறுபடி வராது. கனடாவின் கேடெக்ஸ் நிறுவனம் நடத்தும் 'பேட்டரி யுனிவர்சிட்டி' தளத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. முழு சார்ஜோடு 25 டிகிரியில் ஒரு வருஷம் சும்மா கிடந்த பேட்டரியில் சுமார் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். அதே பேட்டரி 40 டிகிரியில் கிடந்தால் 65தான். 40 சதவீத சார்ஜோடு அதே 40 டிகிரியில் கிடந்தது 85 சதவீதத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது. இத்தனைக்கும் இவை ஒரு தடவைகூடப் பயன்படுத்தாத பேட்டரிகள். சித்திரை வைகாசியில் நம் ஊர்ப் பக்கம் நிழலிலேயே வெயில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கரிசல் மண் கறுப்பு. சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். வரப்பில், மண்மேட்டில், கல்லின்மேல் போனை வைத்தால் மேலே வெயில், கீழே மண்ணின் சூடு. ஆப்பிள் நிறுவனம் தன் போன்களைப் பயன்படுத்தச் சொல்லும் சுற்றுப்புறச் சூட்டின் உச்ச வரம்பே 35 டிகிரிதான். மேலே சொன்ன கணக்குப்படி, சூடும் முழு சார்ஜும் சேர்ந்திருப்பதுதான் பெரிய கேடு. கோடையில் காட்டுக்குப் போகும் நாளில் போன் எண்பதோடு போனால் போதும்.

2. நூறு நாள் வேலைத்தளத்தில் போன் வைத்திருக்கும் பணித்தளப் பொறுப்பாளர்களுக்கு இது தனியாக. வருகைப் பதிவைப் போன் செயலியில் போடுவது 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பணிகள் தவிர எல்லாத் தளங்களுக்கும் கட்டாயமானது. காலையில் ஒரு படம், மதியத்துக்கு மேல் ஒரு படம், இரண்டிலும் இடக்குறி. பேட்டரிக்கு இதைவிடச் சோதனை கிடையாது: கேமரா, லொக்கேஷன், இணையம், உச்ச வெளிச்சத்தில் ஸ்கிரீன் நான்கும் ஒரே நேரத்தில், அதுவும் கம்மாய்க்குள் நிழலே இல்லாத இடத்தில். ஆட்கள் எல்லாரும் வந்து நின்ற பிறகு செயலியைத் திறங்கள். திறந்துவைத்துக்கொண்டு ஆளைக் கூப்பிடாதீர்கள். படம் எடுக்கும்போது யாரையாவது குடை பிடிக்கச் சொல்லுங்கள். டவர் இல்லாவிட்டால் அங்கேயே நின்று ஏற்றப் போராட வேண்டாம். படத்தை எடுத்துவைத்து டவர் கிடைக்கும் இடத்தில் ஏற்ற வழி இருக்கிறது. படம் எடுத்ததும் லொக்கேஷனை அணைத்து, போனைத் துணியில் சுற்றி நிழலில் தொங்கும் பையில் போடுங்கள். சூடான சாப்பாடு இருக்கும் தூக்குவாளியோடு ஒரே பையில் வேண்டாம்.

3. கொதித்துப்போன போனை ஃபிரிட்ஜில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். குளிர்ந்ததும் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். தண்ணீர்ப் பானைமேல் வைப்பதும் அதே கதைதான். கவரைக் கழற்றி, ஸ்கிரீனை அணைத்து, ஃபேன் காற்றில் வையுங்கள், போதும்.

4. வெயிலிலிருந்து வந்த போனை உடனே சார்ஜில் போட வேண்டாம். லித்தியம் பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது என்பது விதி. போனே அதைக் கவனித்துச் சார்ஜை நிறுத்தும், அல்லது மெதுவாக்கும். "சார்ஜர் போயிருச்சு" என்று சந்தேகப்படும் மத்தியானங்களில் பாதிக்கு இதுதான் காரணம். கால் மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள்.

5. சார்ஜ் போட நல்ல நேரம் விடியற்காலை. எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டு, பால் காய்ச்சி முடிக்கும் நேரத்தில் இன்றைய போன்கள் ஏறிவிடும். வீட்டுக்குள்ளும் அப்போதுதான் சூடு குறைவு. தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடுகளில் மதியம் இரண்டு மணிக்குச் சார்ஜ் போடுவது மோசமான வழக்கம். வேறு வழியில்லை என்றால் தரையில் வைத்துப் போடுங்கள். தரை எப்போதும் பரணைவிடக் குளிர்ச்சி.

6. தலையணைக்கு அடியிலோ மெத்தைமேலோ வைத்துச் சார்ஜ் போடக் கூடாது. பேட்டரி கெடுவது இருக்கட்டும், பஞ்சு தீப்பிடிக்கும் பொருள்.

7. இருபதுக்குக் கீழே விடாமல், எண்பதுக்கு மேலே ஏற்றாமல் ஓட்டினால் பேட்டரிக்கு ஆயுள் கூடும். முழு சார்ஜில் உள்ளே மின்னழுத்தம் உச்சத்தில் நிற்கும். எப்போதும் இறுக்கியே கட்டிவைத்த கயிற்றுக் கட்டில் சீக்கிரம் அறுவது மாதிரி, அந்த நிலையிலேயே கிடக்கும் பேட்டரி சீக்கிரம் தேயும். இதற்காகப் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போனால் சாம்சங்கில் பேட்டரி பாதுகாப்பு என்றும், மற்ற பல போன்களில் வேறு பெயரிலும், 80இல் நிறுத்தும் வசதி இருக்கும். ஐபோன் 15 முதல் அதிலும் உண்டு. ஒரு தடவை போட்டுவிட்டு மறந்துவிடலாம். திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போகிற நாளில் அதை எடுத்துவிட்டு நூறு ஏற்றிக்கொள்ளுங்கள். என்றைக்கோ ஒரு நாள் நூறு ஏற்றுவதால் ஒன்றும் ஆகிவிடாது.

இதில் ஒரு சின்னக் கணக்கு. பேட்டரிக்கு வயது நாளில் மட்டும் இல்லை, சுழற்சியிலும் ஏறும். ஐம்பது சதவீதம் இன்று ஏற்றி ஐம்பது நாளை ஏற்றினால் இரண்டும் சேர்ந்து ஒரு சுழற்சி. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியச் சந்தைக்கு வரும் போன்களின் பேட்டரி, 800 சுழற்சிக்குப் பிறகும் குறைந்தது 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்க வேண்டும் என்று சட்டம். நாளுக்கு ஒரு சுழற்சி என்றால் இரண்டு வருஷத்துக்குச் சற்று மேல். நாளுக்கு அரைச் சுழற்சியோடு நிறுத்திக்கொள்கிறவருக்கு அதே பேட்டரி நாலு வருஷத்துக்கு மேல் வரும். ஆகவே அடிக்கடி சார்ஜ் போடுவதால் பேட்டரி கெடும் என்பது சரியல்ல. எத்தனை தடவை செருகினோம் என்பது கணக்கில் வராது. மொத்தம் எவ்வளவு மின்சாரம் உள்ளே போய் வெளியே வந்தது என்பதுதான் கணக்கு.

8. புதுப் போன் வாங்கியதும் எட்டு மணி நேரம் சார்ஜில் போடச் சொல்வார்கள். பழைய நிக்கல் பேட்டரிக் காலத்து அறிவுரை. மாதம் ஒரு தடவை சுத்தமாக இறங்கவிட்டு ஏற்ற வேண்டும் என்பதும் அந்தக் காலத்ததுதான். லித்தியம் பேட்டரிக்கு அது நல்லதல்ல. ஒரே விதிவிலக்கு: முப்பது காட்டிக்கொண்டிருந்த போன் திடீரென்று பத்துக்குத் தாவினால், ஒரு தடவை முழுக்க இறக்கி முழுக்க ஏற்றிப் பாருங்கள். காட்டும் எண் சரியாகலாம். அப்போதும் தாவினால் கோளாறு எண்ணில் இல்லை, பேட்டரியில்.

9. இனி டவர். போன் சும்மா மடியில் இருக்கும்போதும் டவரோடு பேசிக்கொண்டேதான் இருக்கும். டவர் பக்கத்தில் இருந்தால் மெல்லிய குரல் போதும். தூரத்தில் இருந்தால் உரக்கக் கத்த வேண்டும். 4ஜி போன் ஒன்று அதிகபட்சம் 200 மில்லிவாட் வரை சக்தியைக் கொட்டும். டவர் அருகில் இருக்கும்போது அதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. சிக்னல் அறவே இல்லாத இடத்திலோ, விட்டுவிட்டுத் தேடிக்கொண்டே இருக்கும். காட்டில் ஒரு அழைப்புகூடப் பேசாதவர் போன் சாயங்காலம் அணைந்துபோவது இதனால்தான். பயன்படுத்தாமலே தீர்ந்துவிட்டது, பேட்டரி மோசம் என்று கடைக்காரரிடம் போகிறோம். புதுப் பேட்டரி போட்டாலும் அந்தக் காட்டில் அப்படித்தான் இருக்கும்.

சிக்னல் எவ்வளவு என்று கட்டங்களை வைத்துப் பார்த்தால் சரியாகத் தெரியாது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், போனைப் பற்றி, சிம் நிலை என்று போனால் மைனஸ் போட்ட ஒரு எண் வரும். 4ஜியில் மைனஸ் 90க்குள் இருந்தால் நல்ல சிக்னல். மைனஸ் 110ஐத் தாண்டினால் பேட்டரி கரையும் இடம். வீட்டுக்குள் ஒரு நாள் இந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நடந்து பாருங்கள். அடுப்படியில் ஒன்று, வாசல் திண்ணையில் ஒன்று என்று பெரிய வித்தியாசம் இருக்கும். தகரக் கூரை சிக்னலையும் மறைக்கும். எண் நன்றாக இருக்கும் ஜன்னலோரத்தில் ஒரு ஆணி அடித்துப் பை தொங்கவிட்டு, வீட்டிலிருக்கும்போது போனை அதில் போட்டுவிடலாம், வெயில் விழாத ஜன்னலாக இருந்தால்.

10. டவரே கிடைக்காத காட்டில் அரை நாள் வேலை என்றால் ஏரோப்ளேன் மோடு. அழைப்பு வராதே என்று தோன்றும். சிக்னல் இல்லாத இடத்தில் எப்படியும் வராது. மேட்டுக்கு வரும்போது எடுத்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

11. கோவில்பட்டிக்கோ சங்கரன்கோவிலுக்கோ பஸ்ஸில் போகும்போது போன் டவர் விட்டு டவர் மாறிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் வீடியோ பார்ப்பது அதிகமாகச் சார்ஜ் தின்னும் வேலை. பாட்டும் படமும் வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டு ஏறுங்கள். 5ஜி போன் என்றால், 5ஜி விட்டுவிட்டுக் கிடைக்கும் பாதையில் 4ஜியில் நிறுத்திவைப்பது நல்லது. மாறி மாறித் தேடும் வேலை மிச்சமாகும்.

12. இரண்டாவது சிம் ரீசார்ஜ் இல்லாமல் சும்மா கிடக்கிறதா? அதற்கும் போன் டவர் தேடிக்கொண்டுதான் இருக்கும். செட்டிங்ஸில் அந்த சிம்மை அணைத்துவையுங்கள். கழற்ற வேண்டியதில்லை.

13. ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போகிறவர்கள்: கோமதி அம்மன் தபசுக் காட்சி நேரத்தில் கூட்டம் லட்சக்கணக்கில். அத்தனை போனும் ஒரே நேரத்தில் அந்தச் சில டவர்களைப் பிடிக்கும். டவர் முழுக்கக் காட்டும், அழைப்பு போகாது, சார்ஜ் மட்டும் இறங்கும். வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கேயே அனுப்ப முயலாதீர்கள். கூட்டத்தில் பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று முன்னாலேயே ஓர் இடம் பேசி வைத்துவிட்டால் போனை நம்பவே வேண்டாம். பிள்ளைகளின் சட்டைப்பையில் நம்பர் எழுதிய காகிதம் வைப்பது இன்னும் பழைய வழி, இன்னும் நம்பகமான வழி.

14. கிணற்று மோட்டாரைப் போனில் போடுகிறவர்கள் கவனிக்க. அழைப்பில் இயங்கும் ஸ்டார்ட்டருக்குப் பேட்டரி சேவர் தடையில்லை. செயலியில் இயங்குவது என்றால், அந்தச் செயலியை மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டிலிருந்து விலக்கி வையுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி மும்முனைக் கரண்டு வந்த செய்தி விடிந்தபிறகு வரும்.

15. ஸ்கிரீன் வெளிச்சம். வீட்டுக்குள் பாதிக்கும் கீழே போதும். தானாகக் கூடிக் குறையும் வசதியைப் போட்டு வைத்தால் வெளியே வந்ததும் அதுவே கூட்டிக்கொள்ளும், உள்ளே போனதும் குறைத்துக்கொள்ளும். கையால் கூட்டியவர்கள் குறைக்க மறந்துவிடுகிறோம், அதுதான் சிக்கல். கறுப்புப் பின்னணி பற்றி நிறையப் பேசுவார்கள். அமோலெட் ஸ்கிரீனில் அது உதவும், விலை குறைந்த எல்சிடி ஸ்கிரீனில் பெரிய பயன் இல்லை. அமோலெட்டிலும் எவ்வளவு என்று அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 2021இல் அளந்து பார்த்தார்கள். முழு வெளிச்சத்தில் 39 முதல் 47 சதவீதம் வரை மிச்சம். ஆனால் வீட்டுக்குள் வைக்கும் 30, 50 சதவீத வெளிச்சத்தில் 3 முதல் 9 சதவீதம்தான். ஆக வெயிலில் நின்று போன் பார்க்கிறவர்களுக்குத்தான் கறுப்புப் பின்னணி லாபம். நமக்குப் பொருந்தும்.

16. ஸ்கிரீன் அணையும் நேரத்தை 30 விநாடியாக வையுங்கள். 120 ஹெர்ட்ஸ் என்று விளம்பரம் செய்த போனை 60க்குக் குறைக்கலாம். உருட்டும்போது கொஞ்சம் வழுவழுப்புக் குறையும், வேறொன்றும் இல்லை. எப்போதும் மணி காட்டும் வசதி, தட்டச்சுக்கு அதிர்வு, அசையும் வால்பேப்பர் எல்லாம் வேண்டாதவை.

17. திறந்த செயலிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி மூடும் பழக்கத்தை விடுங்கள். சிலருக்கு அது கை அரிப்பு. 2016இல் இது பற்றி வந்த கேள்விக்கு ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி, பேட்டரிக்கு அதனால் பயனில்லை என்று பதில் சொன்னார். ஆண்ட்ராய்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஹிரோஷி லாக்ஹைமரும் அதையே சொன்னார். மூடிய செயலியை மறுபடி முதலிலிருந்து திறக்கத்தான் கூடுதல் சக்தி. அதற்குப் பதில் செட்டிங்ஸ், பேட்டரி என்று போனால் எந்தச் செயலி எத்தனை சதவீதம் தின்றது என்ற பட்டியல் இருக்கும். வாரம் ஒரு தடவை பாருங்கள். நீங்கள் தொடாத பெயர் மேலே நின்றால், அதன் பின்னணி ஓட்டத்தை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் நீக்குங்கள்.

18. "பேட்டரி சேமிப்பு" செயலிகளை நீக்குங்கள். விளம்பரம் காட்டிப் பேட்டரி தின்பதைத் தவிர அவை செய்வது குறைவு. போனிலேயே இருக்கும் பேட்டரி சேவர் போதும். முப்பது வந்ததும் தானாக இயங்கும்படி வைத்துவிடலாம்.

19. வாட்ஸ்அப் குழுக்கள். ஊர்க் குழு, சொந்தக்காரர் குழு, சுயஉதவிக் குழு, பள்ளிக்கூடக் குழு என்று ஆளுக்குப் பத்து இருக்கும். விடியுமுன் ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் வரத் தொடங்கும். ஒவ்வொன்றும் தானாக இறங்கி, கேலரியில் ஏறி, பிறகு பேக்கப் போட்டிருந்தால் கூகுள் போட்டோஸ் அதையும் பத்திரமாக மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் தானாகப் பதிவிறக்குவதை மொபைல் டேட்டாவுக்கு நிறுத்துங்கள். பேக்கப்பை வைஃபையில் மட்டும் என்று வையுங்கள். சார்ஜோடு டேட்டாவும் மிச்சம். வணக்கம் சொன்னவருக்கு வருத்தம் வராது, அவருக்குத் தெரியவும் போவதில்லை.

20. திருப்பூரிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகளோடு வீடியோ கால் பேசுவதைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். சிக்னல் நல்ல இடத்தில், ஃபேனுக்குக் கீழே, சார்ஜில் போடாமல் பேசுங்கள். சார்ஜும் வீடியோவும் சேர்ந்தால் இரண்டு பக்கச் சூடு. முகம் பார்த்த பிறகு மிச்சக் கதையைச் சாதாரண அழைப்பில் பேசலாம்.

21. சார்ஜர் வாங்கும்போது எழுத்தைப் படியுங்கள். இந்தியாவில் விற்கும் சார்ஜர்களுக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம். ஐஎஸ் என்று தொடங்கும் தர எண்ணும், ஆங்கில ஆர் எழுத்தை அடுத்து எட்டு இலக்கப் பதிவு எண்ணும் அச்சிட்டிருக்க வேண்டும். பேட்டரிக்கு ஐஎஸ் 16046. இது எதுவுமில்லாமல் பஸ் ஸ்டாண்டில் தொங்கும் சார்ஜர் மலிவாகத் தெரியும். போன் விலையோடு வைத்து யோசியுங்கள். வேகச் சார்ஜர் கெடுதலா என்று கேட்பார்கள். போனோடு வந்தது, அல்லது அந்தக் கம்பெனி சொன்னது என்றால் பயமில்லை. கெடுதல் அதன் சூட்டில்தான். அவசரமில்லாத இரவில் பழைய மெதுவான சார்ஜர் நல்லது.

22. வயரைச் செருகினால் ஆடுகிறதா, அசைத்து அசைத்துப் பிடித்தால்தான் ஏறுகிறதா? பெரும்பாலும் பின் போகவில்லை, தூசி அடைத்திருக்கிறது. கரிசல் புழுதியும் சட்டைப்பைப் பஞ்சும் சேர்ந்து ஓட்டைக்குள் கெட்டியாகப் படியும். தறிப்பட்டறையில் வேலை பார்ப்பவர்களுக்கு இது நிச்சயம். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். ஊக்கு, ஊசி கூடாது. வாயால் ஊதவும் கூடாது, எச்சில் ஈரம் போகும்.

23. கரண்டு பில்லுக்குப் பயந்து சார்ஜ் போடுவதைக் குறைக்கிறவர்களுக்கு: 5000 எம்ஏஎச் பேட்டரியில் அடங்குவது சுமார் 19 வாட்-மணி. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் 25 என்று வையுங்கள். ஒரு யூனிட்டில் நாற்பது தடவை முழுக்க ஏற்றலாம். தினமும் ஏற்றினாலும் வருஷத்துக்கு ஒன்பது, பத்து யூனிட்.

24. இடி மின்னலின்போது வயரைப் பிடுங்கிவிடுங்கள். ஐப்பசி மழைக்கும் சித்திரை மாதத்து இடிமழைக்கும் இரண்டுக்கும் பொருந்தும்.

25. பவர் பேங்கில் 10,000 என்று போட்டிருந்தால் 5000 போனை இரண்டு தடவை ஏற்றலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அந்த எண் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் கணக்கு. 5 வோல்ட்டாக மாறி, வயரில் கொஞ்சம், சூட்டில் கொஞ்சம் போக, ஒன்றரைத் தடவை வந்தால் நல்ல பவர் பேங்க். அதற்குள்ளும் லித்தியம்தான். போனுக்குச் சொன்ன வெயில் விதி அதற்கும் உண்டு. பைக்கின் பெட்ரோல் டேங்க் கவரில் வெயிலில் போட்டு வைக்காதீர்கள்.

26. வெளிநாடு போனவர் விட்டுச்சென்ற போன், பிள்ளையின் பழைய போன் என்று பீரோவில் கிடப்பவை: பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்து மறுபடி பாதிக்கு ஏற்றுங்கள். சுத்தமாக இறங்கிப்போய் மாதக்கணக்கில் கிடந்தால் பிறகு ஏறாமலே போகலாம்.

27. எப்போது மாற்றுவது? செட்டிங்ஸில் பேட்டரி ஆரோக்கியம் என்று காட்டும் போன்களில் 80க்குக் கீழே வந்தால் யோசிக்கலாம். காட்டாத போன் என்றால், இருபதில் இருக்கும்போது கேமரா திறந்ததும் அணைகிறதா என்று பாருங்கள். அணைந்தால் காலம் முடிந்தது. புதுப் போன் வாங்குமுன் பேட்டரி மாற்றும் செலவைக் கேளுங்கள். பெரும்பாலும் அது போன் விலையில் சிறு பங்குதான். "அண்ணாச்சி, இது கம்பெனி பேட்டரியா?" என்று கேட்டால் எல்லாக் கடையிலும் ஆமாம் என்றுதான் பதில் வரும். 16046 எண்ணையும் தயாரித்த மாதத்தையும் காட்டச் சொல்லுங்கள், எழுத்தில் வாரண்டி கேளுங்கள். கம்பெனி சேவை மையம் எட்டும் தூரத்தில் இருந்தால் ஒரு நடை போய்வருவது நல்லது. கடைக்காரர் தரும் பேட்டரியின் தயாரிப்பு மாதம் மிகப் பழையது என்றால் வேண்டாம். கடை அலமாரியிலும் பேட்டரிக்கு வயதாகும்.

28. பின்மூடி எழும்பியிருக்கிறதா, ஸ்கிரீன் ஓரம் பிரிந்து நிற்கிறதா? பேட்டரி உப்பியிருக்கிறது. அன்றே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். சார்ஜில் போடாதீர்கள், அழுத்தி மூடாதீர்கள், காற்று வெளியேறட்டும் என்று ஊசியால் குத்தவே குத்தாதீர்கள், குத்தினால் தீப்பிடிக்கும். பிள்ளைகள் கையில் சிக்காமல், எரியும் பொருள் பக்கத்தில் இல்லாமல், சிமெண்டுத் தரையில் வைத்து, கூடிய சீக்கிரம் கடைக்கோ சேவை மையத்துக்கோ கொண்டுபோங்கள். கழற்றிய பழைய பேட்டரியைக் குப்பையில் போடுவதும் குப்பையோடு கொளுத்துவதும் கூடாது. 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரித்தவருடையது. அதனால் சேவை மையத்தில் கொடுக்கத் தயங்க வேண்டாம். வாங்க மறுத்தால் விதியைச் சொல்லிக் கேளுங்கள்.